பிரவுசரில் பின்தொடர்பவர்களைத் தடுப்பது எப்படி: குரோம் முதல் சஃபாரி வரை முழு வழிகாட்டி

இன்காக்னிட்டோ விண்டோவைத் திறந்துவிட்டால் நாம் பார்ப்பது யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. அது செய்கிற முக்கியமான வேலை, விண்டோவை மூடியதும் உங்கள் கருவியில் இருக்கும் தடயத்தை அழிப்பதுதான். அதாவது வீட்டில் இருப்பவர்களிடமிருந்து மறைக்கும், வெளியில் இருப்பவர்களிடமிருந்து மறைக்காது. இதை வைத்து 2020-இல் அமெரிக்காவில் கூகுள் மேல் வழக்கே போட்டார்கள். 2024-இல் சமரசத்துக்கு வந்த கூகுள், இன்காக்னிட்டோவில் உலாவியவர்களைப் பற்றிச் சேர்த்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான கோடிப் பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டது.

இன்னொரு பக்கம், வாரம் தவறாமல் ஹிஸ்டரியை அழிப்பவர்கள் இருக்கிறார்கள், பெயரில் 'பிரைவசி' என்று இருந்தால் போதும் என்று கிடைக்கிற எக்ஸ்டென்ஷனை (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் குட்டி நிரல்) எல்லாம் வரிசையாகப் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் உழைப்பு அதிகம், பலன் குறைவு. நான்கைந்து அமைப்புகளை ஒரே தடவை சரியாக மாற்றிவிட்டாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும் என்பது என் கட்சி. மீதி இருப்பதில் கொஞ்சம் எந்த பிரவுசராலும் தடுக்க முடியாதது, அது எது என்றும் கீழே சொல்கிறேன்.

முதலில், எப்படிப் பின்தொடர்கிறார்கள்?

குக்கீ என்பது 1994-இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி உருவாக்கியது. துணிக்கடை வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுப்பார்களே, அதுபோலத்தான். நீங்கள் திரும்ப வரும்போது டோக்கனைப் பார்த்து 'இவர்தான் அவர்' என்று தளம் தெரிந்துகொள்ளும். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் மறுபடி மறுபடி பாஸ்வேர்டு போட வேண்டியிருக்கும், ஆகவே குக்கீயே கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சிக்கல் மூன்றாம் தரப்புக் குக்கீயில். நீங்கள் படிக்கிற செய்திப் பக்கத்துக்குள் விளம்பரக் கம்பெனி ஒன்றின் சின்னத் துண்டு நிரல் உட்கார்ந்திருக்கும், அதே கம்பெனியின் நிரல் நீங்கள் செருப்பு பார்த்த கடையிலும் இருக்கும், சர்க்கரை நோய் பற்றிப் படித்த தளத்திலும் இருக்கும். மூன்று இடத்திலும் ஒரே அடையாள எண்ணைப் படித்தால் போதும், அந்தக் கம்பெனியிடம் உங்களைப் பற்றி ஒரு கோப்பு தயார். பெயர் தெரியாது என்பார்கள், ஆனால் பெயர் அவர்களுக்குத் தேவையும் இல்லை.

குக்கீயைத் தடுத்தால் அடுத்த வழி ஃபிங்கர்பிரிண்டிங். திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், கிராஃபிக்ஸ் கார்டு வரைகிற விதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து 'இந்தக் கருவி இதுதான்' என்று ஊகிப்பது. உங்கள் கருவியில் எதையும் சேமிக்க மாட்டார்கள், அதனால் அழிக்கவும் எதுவும் இல்லை. மூன்றாவது வழி, லிங்க்கின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் அடையாளச் சரம். நான்காவது, நீங்களே லாகின் செய்துவிட்டு உலாவுவது. சரி, இனி படிகளுக்கு வருவோம்.

படி 1: எந்த பிரவுசர் என்பதை முடிவு செய்யுங்கள்

நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதில்தான் பிரவுசர்களுக்குள் பெரிய வித்தியாசம். சஃபாரி 2017-இல் இந்த வேலையைத் தொடங்கி, 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுதாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2019 செப்டம்பரில் டிராக்கர் தடுப்பை, அதாவது பின்தொடரும் நிரல்களைத் தடுக்கும் வசதியை, எல்லோருக்கும் இயல்பாகவே போட்டுவிட்டது. 2022-இல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் அடைக்கும் வசதியைக் கணினிகளில் இயல்பாக்கியது. பிரேவ் ஆரம்பம் முதலே விளம்பரத்தையும் டிராக்கரையும் தடுக்கும்.

குரோம்? 2020 ஜனவரியில், இரண்டு ஆண்டுக்குள் மூன்றாம் தரப்புக் குக்கீகளை ஒழித்துக்கட்டுவோம் என்று கூகுள் அறிவித்தது. தள்ளிப்போட்டது. மறுபடி தள்ளிப்போட்டது. 2024 ஜூலையில், ஒழிக்கப்போவதில்லை, பயனரையே கேட்போம் என்றது. 2025 ஏப்ரலில், கேட்கப்போவதும் இல்லை என்று முடித்துவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கும் கம்பெனியின் பிரவுசரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நம் தப்பு.

என் பரிந்துரை: கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் ஃபயர்ஃபாக்ஸ், ஐபோனில் சஃபாரி. எதையும் நோண்ட விருப்பமில்லாதவர்களுக்கு பிரேவ். பிரேவ் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 2020-இல், சில கிரிப்டோ தளங்களின் முகவரியைத் தட்டினால் அது தானாகவே தனக்குக் கமிஷன் கிடைக்கும் பரிந்துரைக் குறியீட்டைச் சேர்த்து நிரப்பியது, மாட்டிக்கொண்ட பிறகு சரிசெய்தார்கள். ஆனாலும் நிறுவியவுடன் கிடைக்கும் தடுப்பில் அது நல்ல பிரவுசர்தான், வாலெட், ரிவார்ட்ஸ் பொத்தான்களை மட்டும் மறைத்துவிடுங்கள்.

படி 2: குரோமை விட முடியாதவர்களுக்கு

ஆபீஸ் கணினி, பழக்கம், சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் என்று காரணம் ஆயிரம் இருக்கும். பரவாயில்லை.

மேலே வலது மூலையில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'தேர்டு பார்ட்டி குக்கீஸ்'. அங்கே இயல்பாக இருப்பது இன்காக்னிட்டோவில் மட்டும் தடுப்பது. அதை மாற்றி, எப்போதும் தடுக்கும்படி வையுங்கள். ஆண்ட்ராய்டு குரோமிலும் இதே வழிதான், ஆனால் கணினியில் மாற்றியது போனுக்குத் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள், தனியாகப் போய்ப் பாருங்கள்.

அதே பக்கத்தில் 'ஆட் பிரைவசி' என்று ஒன்று இருந்தால் உள்ளே போங்கள். நீங்கள் போகும் தளங்களை வைத்து உங்கள் ஆர்வங்கள் என்னென்ன என்று பிரவுசரே பட்டியல் போட்டு விளம்பரக்காரர்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு அது. உள்ளே மூன்று சுவிட்ச், மூன்றையும் அணைத்துவிடுங்கள். 2025 அக்டோபரில் இந்தத் திட்டத்தின் பெரும்பகுதியைக் கைவிடுவதாக கூகுளே சொல்லிவிட்டதால், உங்கள் பதிப்பில் இது இல்லாமலும் இருக்கலாம்.

'டூ நாட் டிராக்' என்ற சுவிட்ச் கண்ணில் பட்டால் அதற்காக நேரம் செலவிட வேண்டாம். 'என்னைப் பின்தொடராதீர்கள்' என்று தளத்திடம் பணிவாகச் சொல்லும் வேண்டுகோள் அது, கேட்டாக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, பெரும்பாலோர் கேட்கவும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் அதை 2025-இல் எடுத்தே விட்டது. அதற்குப் பதிலாக வந்திருப்பது 'குளோபல் பிரைவசி கன்ட்ரோல்', 'என் தகவலை விற்காதீர்கள், பகிராதீர்கள்' என்று தளத்திடம் சொல்வது. கலிஃபோர்னியா மாதிரி சில இடங்களில் இதற்குச் சட்ட பலம் உண்டு, ஆகவே அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு உதவும். ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் இருக்கிறது, பிரேவில் இயல்பாகவே ஆன்.

படி 3: ஃபயர்ஃபாக்ஸை முறுக்குவது

செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'என்ஹான்ஸ்டு டிராக்கிங் புரொடெக்ஷன்'. ஸ்டாண்டர்டு, ஸ்ட்ரிக்ட், கஸ்டம் என்று மூன்று நிலை. ஸ்டாண்டர்டே மோசமில்லை, ஆனால் தெரிந்த டிராக்கர்களின் நிரலை அது பிரைவேட் விண்டோவில் மட்டும்தான் முழுதாகத் தடுக்கும். ஸ்ட்ரிக்ட் எல்லா விண்டோவிலும் தடுக்கும், லிங்க்கின் வாலில் வரும் தெரிந்த அடையாளச் சரங்களையும் வெட்டிவிடும். ஸ்ட்ரிக்ட் போடுங்கள். கஸ்டம் வேண்டாம், அதில் கை வைப்பவர்கள் பெரும்பாலும் எதையாவது ஒன்றைத் தளர்த்திவிட்டு வெளியே வருகிறார்கள்.

கொஞ்சம் கீழே, பிரவுசரை மூடும்போது குக்கீகளை அழிக்கும் தேர்வு இருக்கும். குடும்பத்தில் பலரும் ஒரே கணினியைப் பயன்படுத்தும் வீட்டில் இது நல்லது. மின்னஞ்சல் போல அடிக்கடி லாகின் செய்ய விரும்பாத தளங்களைப் பக்கத்தில் உள்ள விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அவை மட்டும் தப்பிக்கும்.

ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸிலும் செட்டிங்ஸுக்குள் இதே ஸ்ட்ரிக்ட் உண்டு.

படி 4: சஃபாரி, எட்ஜ், பிரேவ்

ஐபோனில் செட்டிங்ஸ், ஆப்ஸ், சஃபாரி. 'பிரிவென்ட் கிராஸ் சைட் டிராக்கிங்' ஆன் ஆக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இயல்பாக ஆன் தான். 'ஹைட் ஐபி அட்ரஸ்' என்பதில், ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண்) டிராக்கர்களிடமிருந்து மறைக்கும்படி வையுங்கள். அப்புறம் அடியில் 'அட்வான்ஸ்டு' உள்ளே போய், ஃபிங்கர்பிரிண்டிங் தடுப்பை 'ஆல் பிரவுசிங்' என்று மாற்றுங்கள். சும்மா விட்டால் அது பிரைவேட் பிரவுசிங்கில் மட்டும் வேலை செய்யலாம்.

எட்ஜில் செட்டிங்ஸ், பிரைவசி, 'டிராக்கிங் பிரிவென்ஷன்'. பேலன்ஸ்டு என்று இருப்பதை ஸ்ட்ரிக்ட் ஆக்குங்கள். பிரேவில் முகவரிப் பட்டையில் இருக்கும் சிங்க முகத்தைத் தட்டினால் எல்லாம் அங்கேயே.

படி 5: ஒரு தடுப்பான், ஒன்றே ஒன்று

பிரவுசரின் சொந்தத் தடுப்புக்கு மேலே ஒரு எக்ஸ்டென்ஷன் போடுவது என்றால் யூபிளாக் ஆரிஜின். ரேமண்ட் ஹில் எழுதுவது, இலவசம், மூல நிரல் திறந்தே இருக்கிறது, நன்கொடைகூட வாங்குவதில்லை. பெயரை முழுதாகப் பாருங்கள். 'ஆரிஜின்' இல்லாமல் வெறும் யூபிளாக் என்று இருப்பது வேறு ஆட்களுடையது.

குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால், 2025-இல் இது அங்கே வேலை செய்யாமல் போனது. இப்போது குரோமுக்கு யூபிளாக் ஆரிஜின் லைட் மட்டும்தான். அதுவும் பரவாயில்லைதான், பெரும்பாலான டிராக்கர்களைத் தடுக்கும். ஆனால் சில டிராக்கர்கள் தளத்தின் சொந்தக் கிளை முகவரி போல வேடம் போட்டுக்கொண்டு வரும், அவற்றின் முகமூடியைக் கழற்றிப் பார்க்கும் வசதி ஃபயர்ஃபாக்ஸில் ஓடும் முழுப் பதிப்புக்குத்தான் உண்டு. நான் ஃபயர்ஃபாக்ஸைச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸிலும் முழுப் பதிப்பு ஓடும், போனில் குரோமுக்கு எக்ஸ்டென்ஷனே கிடையாது. ஐபோனில் சஃபாரிக்கும் லைட் பதிப்பு ஆப் ஸ்டோரில் வந்துவிட்டது.

நிறுவிய பிறகு அமைப்பில் எதையும் மாற்ற வேண்டாம். குக்கீ அனுமதி கேட்டு எட்டிப் பார்க்கும் பெட்டிகள் எரிச்சலூட்டினால், ஃபில்டர் பட்டியல் பகுதியில் குக்கீ அறிவிப்புகளுக்கான பட்டியலை மட்டும் டிக் செய்யுங்கள். இரண்டாவதாக இன்னொரு தடுப்பானைச் சேர்க்காதீர்கள், ஒன்றோடொன்று மோதி எது எதை உடைத்தது என்றே தெரியாமல் போகும். அதுவும் போக, எக்ஸ்டென்ஷன் என்பது நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கக்கூடிய ஆள், அப்படி உள்ளே விடும் ஆட்களின் எண்ணிக்கை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

விளம்பரத்தை நம்பியே ஓடுகிற சின்னத் தமிழ்த் தளம் ஏதாவது உங்களுக்குப் பிடித்திருந்தால் அங்கே மட்டும் தடுப்பானை அணைத்து வையுங்கள். அதில் ஒன்றும் கொள்கை மீறல் இல்லை.

படி 6: ஃபிங்கர்பிரிண்டிங், அதில் தமிழுக்கு மட்டும் இருக்கும் சிக்கல்

இணைய உரிமைகளுக்காகப் போராடும் அமெரிக்க அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010-இல் ஒரு சோதனை வெளியிட்டது. ஏறக்குறைய 4,70,000 பிரவுசர்களைப் பார்த்ததில் 83.6 சதவீதம் வேறெதனோடும் ஒத்துப்போகாமல் தனித்துத் தெரிந்தன. குக்கீ ஒன்றுகூட இல்லாமலே.

இங்கே தப்பிக்கும் வழி கூட்டத்தோடு கூட்டமாக இருப்பது. அமைப்புகளை அளவுக்கு மீறித் திருகினால் நீங்கள் மேலும் தனித்துத் தெரிவீர்கள். தமிழ் பயன்படுத்துபவர்களுக்கு இது இரட்டைச் சிக்கல். பிரவுசரின் முதல் மொழியாகத் தமிழை வைத்தால், 'எனக்குத் தமிழில் பக்கம் கொடு' என்று ஒவ்வொரு தளத்துக்கும் அது சொல்லிக்கொண்டே போகும், அப்படிச் சொல்லும் பிரவுசர்கள் உலகக் கணக்கில் சொற்பம். தட்டச்சுக்காக, பத்திரிகை வேலைக்காக என்று ஐம்பது தமிழ் எழுத்துருக்களை நிறுவி வைத்திருப்பவர்களின் எழுத்துருப் பட்டியலே ஒரு கைரேகை. மொழியை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நானும் மாற்றப்போவதில்லை. ஆனால் பயன்படுத்தாத எழுத்துருக்களைத் தூக்கிவிடலாம்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஃபயர்ஃபாக்ஸ் ஸ்ட்ரிக்டில், நீங்களாக நிறுவிய எழுத்துருக்கள் தளங்களின் கண்ணில் படாமல் மறைக்கப்படும். யூனிகோடு வருவதற்கு முன் பாமினி மாதிரி எழுத்துருக்களை நம்பி எழுதப்பட்ட பழைய தமிழ்ப் பக்கங்கள் சில இன்னும் இணையத்தில் கிடக்கின்றன, அவை திடீரென்று ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். முகவரிப் பட்டையில் உள்ள கேடயத்தைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை அணைத்துப் பாருங்கள்.

படி 7: போனில் பிரவுசருக்கு வெளியே நடப்பது

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள், ஆனால் இதுதான் முக்கியம்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிக்குள் ஒரு லிங்க்கைத் தட்டினால் அது உங்கள் பிரவுசரில் திறப்பதில்லை, செயலிக்குள்ளேயே இருக்கும் ஒரு குட்டி பிரவுசரில் திறக்கிறது. மேலே நீங்கள் செய்த எந்த மாற்றமும் அங்கே செல்லாது. அந்தக் குட்டி பிரவுசர்கள் நாம் பார்க்கும் பக்கத்துக்குள் தங்கள் சொந்த நிரலைச் செருகுகின்றன என்று ஃபெலிக்ஸ் கிராஸ் என்ற ஆய்வாளர் 2022-இல் காட்டினார். மூன்று புள்ளியைத் தட்டி, வெளி பிரவுசரில் திறக்கும் தேர்வை எடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

2025 ஜூனில் வெளிவந்தது இதைவிடப் பெரிய விவகாரம். ஸ்பெயினின் ஐஎம்டிஇஏ நெட்வொர்க்ஸ் ஆய்வு நிறுவனம், நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகம், பெல்ஜியத்தின் கேயூ லூவன் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஆண்ட்ராய்டு போனில் ஃபேஸ்புக்கோ இன்ஸ்டாகிராமோ பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் பிரவுசரில், இந்த இரண்டு செயலிகளின் சொந்தக் கம்பெனியான மெட்டாவின் டிராக்கர் உள்ள ஏதோ ஒரு கடைப் பக்கத்தைத் திறப்பீர்கள். அந்தப் பக்கத்தில் உள்ள நிரல், போனுக்குள்ளேயே ஒரு வாசல் வழியாக அந்தச் செயலியோடு பேசி குக்கீயின் அடையாள எண்ணைக் கொடுத்துவிடும். செயலியில் நீங்கள் லாகின் செய்திருப்பதால், எண்ணும் ஆளும் இணைந்தாயிற்று. குக்கீயை அழித்தாலும் இன்காக்னிட்டோவில் போனாலும் இது நடந்தது. ரஷ்யாவின் தேடல் கம்பெனி யான்டெக்ஸ் இதே உத்தியை 2017 முதல் செய்துவந்திருக்கிறது. செய்தி வெளியானதும் மெட்டா நிறுத்திக்கொண்டது. அடுத்து யார் என்ன வழி கண்டுபிடிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்.

ஆகவே போனில் செய்ய வேண்டியவை: அதிகம் பயன்படுத்தாத சமூக ஊடகச் செயலிகளை நீக்கிவிட்டு பிரவுசர் வழியாகவே அந்தத் தளங்களுக்குப் போங்கள். ஏதோ ஒரு செய்தித் தளம், உங்கள் லோக்கல் நெட்வொர்க்கில் உள்ள கருவிகளோடு பேச அனுமதி கேட்டால், புதிய குரோம் பதிப்புகள் இப்படிக் கேட்கும், மறுத்துவிடுங்கள், செய்தி படிக்க அது எதற்கு? ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குப் போய், 'ஆட்ஸ்' உள்ளே விளம்பர அடையாள எண்ணை நீக்கும் தேர்வையும் அழுத்துங்கள்.

படி 8: லாகின் என்ற ஓட்டை

பிரவுசரால் தடுக்க முடியாதது என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான். ஜிமெயிலுக்காக லாகின் செய்துவிட்டு அதே ஜன்னலில் கூகுளிலும் யூடியூபிலும் தேடினால், அது கூகுளின் சொந்த வீட்டுக்குள் நடப்பது. எந்தத் தடுப்பானும் குறுக்கே வராது.

செய்யக்கூடியது இரண்டு. கூகுள் கணக்கின் தரவுப் பகுதியில் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி'யை நிறுத்துங்கள், முடியாது என்றால் மூன்று மாதத்துக்கு மேல் பழையவை தானாக அழியும்படி வையுங்கள். அடுத்து, லாகின் செய்த வாழ்க்கையையும் சும்மா மேய்கிற வாழ்க்கையையும் பிரியுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் மல்டி அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் என்று, ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவின் சொந்த எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, ஒரே விண்டோவில் டேப்களைத் தனித்தனி அறைகளில் வைக்கலாம். குரோமில் தனி புரொஃபைல். அதுவும் தொல்லை என்றால் மின்னஞ்சலுக்கு ஒரு பிரவுசர், மற்றதற்கு இன்னொன்று. நான் செய்வது இந்தக் கடைசி முறைதான், அழகில்லை, ஆனால் மறந்துபோக வாய்ப்பில்லை.

விபிஎன் வாங்கினால் இதெல்லாம் தீர்ந்துவிடுமா என்று கேட்பீர்கள். தீராது. அது ஐபி முகவரியை மாற்றும், குக்கீயும் லாகினும் அப்படியே இருக்கும்.

படி 9: லிங்க்கின் வால்

வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் வரும் கடை லிங்க்கைப் பாருங்கள், நான்கு வரிக்கு நீளும். பெரும்பாலும் கேள்விக்குறிக்குப் பிறகு வருவதில் கணிசமான பகுதி, நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று குறிப்பதற்காகவே. யூடியூபின் பகிர் பொத்தானும் இப்படி ஒரு சரத்தை ஒட்டித்தான் கொடுக்கும். ஃபயர்ஃபாக்ஸில் லிங்க் மேல் வலது கிளிக் செய்தால் வாலை வெட்டி நகலெடுக்கும் தேர்வு இருக்கிறது, பிரேவிலும் உண்டு. கையாலும் வெட்டலாம், வெட்டிய பிறகு லிங்க் திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள், சில தளங்களில் கேள்விக்குறிக்குப் பிறகுதான் பக்கத்தின் எண்ணே இருக்கும்.

படி 10: சோதிப்பது, உடைந்தால் ஒட்டுவது

மேலே சொன்ன ஃபவுண்டேஷனின் 'கவர் யுவர் டிராக்ஸ்' பக்கத்தில் சோதித்துப் பார்க்கலாம். கைரேகை 'யுனிக்' என்று வந்தால் உடனே கவலைப்படாதீர்கள், பிரேவ் மாதிரி பிரவுசர்கள் சில தகவல்களை வேண்டுமென்றே மாற்றி மாற்றிக் காட்டும், அப்போது தனித்துத் தெரிந்தாலும் நாளைக்கு அதே ஆள் என்று கண்டுபிடிக்க முடியாது. 'ரேண்டமைஸ்டு' என்று வந்தால் நல்லது.

இவ்வளவையும் செய்த பிறகு ஏதாவது ஒரு தளம் கட்டாயம் மக்கர் செய்யும். பணம் கட்டும்போது வங்கியின் ஓடிபி பக்கம் பெட்டிக்குள் வெள்ளையாக நிற்கும், வேறு கணக்கு வழியாக உள்ளே நுழையும் பொத்தான் அசையாது, பக்கத்துக்குள் பதித்த வீடியோ ஓடாது. அப்போது எல்லாத் தடுப்பையும் அணைத்துவிடுவதுதான் பலரும் செய்வது, பிறகு திரும்பப் போடவே மாட்டார்கள். வரிசையாகப் போங்கள்: முதலில் யூபிளாக்கை அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். சரியாகவில்லை என்றால் ஃபயர்ஃபாக்ஸில் கேடயம், பிரேவில் சிங்கம், குரோமில் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் தெரியும் கண் சின்னம், இவற்றைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் தளர்த்துங்கள். பணப் பரிமாற்றத்தை நடுவில் மறுபடி ஏற்றினால் இரண்டு தடவை கழியும் ஆபத்து உண்டு, அதனால் கட்டணப் பக்கத்துக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

பெற்றோரின் போனில் இதையெல்லாம் செய்ய உட்கார்ந்தால் பத்துப் படியும் வேண்டாம். மூன்றாம் தரப்புக் குக்கீயைத் தடுங்கள், விளம்பர அடையாள எண்ணை நீக்குங்கள், பிரவுசரில் எந்தெந்தத் தளங்களுக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து மொத்தமாக எடுத்துவிடுங்கள். வங்கித் தளம் திறக்கிறதா என்று அவர்கள் எதிரிலேயே ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லாவிட்டால் ராத்திரி போன் வரும்.